மடக்கில் நின்ற செருமல்

மொகுதூம் ஏறிப்போன தோணி திரும்பி வரவில்லை; அவருடைய செருமல் மட்டும் திரும்பி வந்தது. அஸர் தொழுகை முடிந்து, வெயில் கிழக்குச் சுவர்களின் மேல்பாதிக்கு ஏறி, முற்றங்களில் காய்ந்த துணிகளைப் பெண்கள் எடுத்து மடிக்கிற நேரத்தில், முதலில் சந்து முனையில் ஒரு தரமும், பிறகு ஜொகரா வீட்டு நடையின் மடக்கில் ஒரு தரமும் அது கேட்டது. கேட்டதும் ஜொகராவும் அவள் உம்மாவும், எப்போதும் செய்வது போல, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மரச் சல்லடை மறைப்புக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்கள். யாரும் வரவில்லை. சற்று நேரம் கழித்து ஒரு பெருமூச்சு போல ஏதோ வெளிவாசல் பக்கம் போயிற்று. அவர்கள் திரும்ப வந்து துணிகளை மடித்தார்கள்.

அந்தச் சந்தில் பதினோரு வீடுகள். பன்னிரண்டு என்று சொல்பவர்கள் கோடியில் இருக்கிற கிணற்றுக் கொட்டகையையும் சேர்த்துச் சொல்கிறார்கள்; அது வீடல்ல. அந்தப் பதினொன்றையும் கட்டியவர்கள் கல்லையும் சுண்ணாம்பையும் யோசிப்பதற்கு முன்னால் கண்ணை யோசித்தார்கள். எதிர்வீட்டு வாசலை இந்த வீட்டு வாசல் பார்க்காதபடி ஒரு வாசல் அகலம் தள்ளி வைத்தார்கள். தெருப்பக்கத்துச் சன்னலை, மாட்டு வண்டியில் நின்றுகொண்டு போகிறவனின் தலைக்கும் மேலே வைத்தார்கள். மாடிக் கைப்பிடிச் சுவரை, துணி உலர்த்துகிற பெண்ணின் நெற்றிக்கு மேலே உயர்த்தினார்கள். பின்கட்டில் வீட்டுக்கு வீடு ஒரு சிறு கதவு விட்டார்கள், எதிர்வரிசைக்குக் கோடிக் கிணற்றுக் கொட்டகை வழியாக வழி வைத்தார்கள், அதனால் முதல் வீட்டுப் பெண் கையில் குழம்புச் சட்டியோடு, தெருவை மிதிக்காமல், பதினோராம் வீட்டுக்குப் போய், உப்புப் போதுமா என்று கேட்டுவிட்டுச் சூடு ஆறும் முன் திரும்பிவிடலாம்.

இவை எல்லாவற்றையும்விட அவர்கள் அதிகம் யோசித்தது நடையைத்தான். வாசலைத் தாண்டியதும் வலப்பக்கம் ஆண்கள் உட்காருகிற வெளிக்கூடம். நடை அதைக் கடந்து நேராகப் போய் ஒரு வெறுஞ்சுவரில் முட்டும். முட்டிய இடத்தில் இடப்பக்கம் திரும்பி, முற்றத்தில் போய்த் திறக்கும். அந்தத் திருப்பத்துக்குத்தான் மடக்கு என்று பெயர். வாசல் கதவு நாள் முழுக்கத் திறந்து கிடந்தாலும், தெருவில் போகிறவன் வெள்ளையடித்த ஒரு சுவரையும் அதிலுள்ள விளக்கு மாடத்தையும் மட்டுமே பார்ப்பான். மடக்கில் கட்டில் திரும்பாது. ஆகையால் எங்கள் ஊர்க் கட்டில்கள் கால் வேறு சட்டம் வேறாக உள்ளே போய், முற்றத்தில் பூட்டப்பட்டு, பிறகு ஒருபோதும் வெளியே வருவதில்லை.

உள்ளே வருகிற ஆண் மடக்கில் நின்று செரும வேண்டும். பெண்கள் ஒதுங்குவார்கள். வீட்டுப் பெரியவர் முற்றத்திலிருந்து குரல் கொடுப்பார். அதன் பிறகு வர வேண்டும். எங்கள் ஊரில் வீடு மகளுக்குத்தான். மகன் கல்யாணமாகி மனைவி வீட்டுக்குப் போய்விடுவான், மருமகன் இங்கே வந்து குடியிருப்பான். மொகுதூம் அப்படி வந்தவர். தோணியில் ஏற்றிப்போகும் கணவாய், கருவாடு, கொப்பரை இவற்றின் எடைக்குப் பொறுப்பாளர், கூச்சமுள்ள மனிதர், மனைவி வீட்டில் தண்ணீர் கேட்கக்கூட இரண்டு தரம் யோசிப்பவர். தினமும் அஸருக்குப் பின் வந்து மடக்கில் செருமுவார். முற்றத்துப் பிரம்பு நாற்காலியிலிருந்து மாமனார் லெப்பை வாப்பா, "வாங்க மாப்புள" என்பார். அவர் வருவார். கல்யாணமான ஆறு வருஷமும் இப்படித்தான்.

தோணி போய்ப் பதினைந்தாம் நாள் லெப்பை வாப்பா நெஞ்சுவலியில் மவுத்தானார். அதற்கு அடுத்த மாதம், தோணி மாலத்தீவுப் பக்கம் கவிழ்ந்தது என்று சேதி வந்தது. அந்தச் சேதி வந்த மறுநாள்தான் செருமல் வந்தது.

முதல் வாரம் இரண்டு பெண்களும் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பின்கதவு வழியாக அடுத்த வீட்டு ஆசியா வந்தாள். அவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம், காது அதைவிட நீளம்.

"என்னளா ஜொகரா, உன் மாப்புள வந்திருக்காஹளா?"

"இல்ல ராத்தா. அவுஹ செருமல்தான் வந்திருக்கு."

ஆசியா கொஞ்சம் யோசித்தாள். "சரி, அதாவது வந்துச்சே. என் மாப்புள கொழும்புல இருந்து ஒரு கடுதாசிகூடப் போடல" என்றாள், உட்கார்ந்து வெற்றிலை கேட்டாள்.

அதற்குப் பிறகு சந்து அதை ஏற்றுக்கொண்டது. முனையிலிருக்கிற டீக்கடைப் பெஞ்சுக்காரர்கள் அந்த நேரத்தில் காலை உள்ளே இழுத்து வழிவிட்டு, வெறுங்காற்றுக்கு ஸலாம் சொன்னார்கள். பந்து விளையாடுகிற பிள்ளைகள் அது கடந்து போகும்வரை பந்தைக் கையில் வைத்துக்கொண்டார்கள். ரொட்டிக்காரர் தன் சைக்கிள் மணியை அதற்கு முன்னால் அடித்து முடித்துவிடுவார், பின்னால் வருகிற மனிதரை அவசரப்படுத்துவது போலாகிவிடும் என்று. தூத்துக்குடியிலிருந்து ஒருவர் டேப் ரெக்கார்டரோடு வந்து வெளிக்கூடத்தில் காத்திருந்து பதிவு செய்தார். போட்டுப் பார்த்ததில் காக்கைகள் இருந்தன, பதினோராம் வீட்டில் அரிசி புடைக்கிற சத்தம் இருந்தது, அவருடைய தும்மல் இருந்தது, செருமல் இல்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

பெண்களுக்குத்தான் அதில் நுணுக்கம் தெரிந்தது. ஐப்பசி மழையில் ஒரு நாள் செருமல் கரகரத்து வந்தது. பதினோரு வீட்டுப் பெண்களும் பின்கதவுகள் வழியாக ஜொகரா வீட்டுச் சமையலறையில் கூடினார்கள்.

"நெஞ்சுச் சளி" என்றாள் ஒருத்தி.

"இல்ல, தொண்டைதான். ஈரத் துணியோட எங்கேயோ படுத்திருக்காஹ."

"இவளுக்கு எல்லாம் தெரியும், பக்கத்துலயே படுத்தவ மாதிரி" என்றாள் ஆசியா, எல்லாரும் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். ஜொகராவும் சிரித்தாள், நாற்பது நாளில் அதுதான் முதல் தரம்.

சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்து, விளக்கு மாடத்தில் மூடி வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் கஷாயம் வைத்தபடியே இருந்தது, ஒரு மிடறும் குறையவில்லை. ஆனால் மூன்றாம் நாள் சளி இளகியிருந்தது, ஐந்தாம் நாள் செருமல் சுத்தமாக வந்தது. அதிலிருந்து நோன்பு காலத்தில் கஞ்சியும், பெருநாளைக்கு இனிப்பு வட்டலப்பமும் மாடத்தில் வைத்தார்கள். வட்டலப்பம் வைத்த மறுநாள் செருமலில் ஒரு சந்தோஷம் இருந்தது என்று பதினோரு பேரும் ஒப்புக்கொண்டார்கள். வேறு எந்த விஷயத்திலும் அவர்கள் பதினோரு பேரும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஜொகராவின் அண்ணன் காசிமுக்குத்தான் இது பிடிக்கவில்லை. அவர் மூன்று தெரு தள்ளி மனைவி வீட்டில் இருந்தார், பஜாரில் பாத்திரக் கடை. கெட்ட மனிதர் அல்ல. தங்கைக்கு இன்னும் முப்பது ஆகவில்லை, உம்மாவுக்குக் கண் மங்குகிறது, வீட்டில் ஆண் துணை இல்லை என்று அவருக்குச் சோறு இறங்காது. அவர் காஜியாரை அழைத்துவந்து வெளிக்கூடத்தில் உட்காரவைத்தார். ஜொகராவும் உம்மாவும் உள்ளே சல்லடைக்குப் பின்னால் நின்று கேட்டார்கள்.

"ஹஜ்ரத், தோணி கவிழ்ந்தது ஊருக்கே தெரியும். இவ நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்கட்டும், முடிச்சுட்டு வேற நிக்காஹ் பார்க்கலாம்" என்றார் காசிம்.

காஜியார் தாடியை நீவிக்கொண்டு அஸர்வரை இருந்தார். செருமல் வந்தது. அவர் எழுந்து மடக்குவரை போய் ஸலாம் சொன்னார். பதில் இல்லை. திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"ஸலாமுக்குப் பதில் சொல்லாதவரை உயிரோட இருக்கார்னு நான் எப்படி எழுத? ஆனா மவுத்தானவருக்குச் சளி பிடிச்சதா நான் எந்தக் கிதாபுலயும் படிக்கல."

"அப்போ?"

"பொறுங்க. காணாமப் போனவருக்கு நாலு வருஷம்னு ஒரு கணக்கு இருக்கு. அது முடியட்டும். முடிஞ்ச பிறகு, அஸருக்கும் பொழுது சாயுற மகரிப்புக்கும் நடுவுல இந்த மடக்குல செருமல் கேக்காத ஒரே ஒரு நாள் வரட்டும். மறுநாளே எழுதித் தர்றேன்."

காசிம் அதை மனதில் வைத்துக்கொண்டார்.

நாலு வருஷமும் ஓடின. செருமல் ஒரு நாளும் தவறவில்லை. ஆனால் நாலாம் வருஷத்தில் அது மெலிந்தது. முன்பு சந்து முனையில் கேட்டதுமே தெரியும். இப்போது டீக்கடைக்காரர்கள் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினால்தான் கேட்டது. மடக்கில் நிற்கிற நேரமும் குறைந்தது. பெண்கள் என்னென்னவோ வைத்துப் பார்த்தார்கள்: ஆட்டுக்கால் சூப்பு, தேனில் ஊறிய பேரீச்சை, முட்டையில் அடித்த பால். எதுவும் பலிக்கவில்லை. ஜொகரா இரவுகளில் அல்ல, பகல்களில்தான் அதிகம் அழுதாள், வெங்காயம் உரிக்கிற சாக்கில்.

நாலு வருஷம் முடிந்த அந்த மாதம் காசிம் மதுரையிலிருந்து ஓர் இரும்பு பீரோ வரவழைத்தார். ஒரே வார்ப்பு போலக் கனமானது; கண்ணாடி பதித்த கதவு. நாலு பேர் தூக்கிவந்து நடையில் நுழைத்தார்கள், வெறுஞ்சுவரில் முட்டினார்கள், சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், படுக்கப் போட்டார்கள். பீரோ மடக்கில் திரும்பவில்லை. கடைசியில் அது வெளிவாசலுக்குப் பக்கத்தில், சந்தில் நின்றது. போகிற வருகிற ஆடுகள் கண்ணாடியில் தங்களைப் பார்த்து முட்டின.

"பார்த்தியா? இந்தக் காலத்துச் சாமான் எதுவும் இந்த வீட்டுக்குள்ள வராது" என்றார் காசிம், முற்றத்தில் நின்றுகொண்டு. "மடக்கை இடிச்சு நடையை நேராக்கிடுவோம். வாசலுக்கு நல்ல திரை போட்டுக்கலாம். வீடு உன் பேர்ல இருக்கு, நீ சரின்னு சொல்லணும்."

உம்மா நிமிர்ந்து பார்த்தாள். "பீரோவுக்காகவா இடிக்கிறே?"

காசிம் தரையைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு வராது.

மடக்கு இல்லையென்றால் செருமலுக்கு நிற்க இடமில்லை. அது ஜொகராவுக்கும் தெரிந்தது. ஒரு பகல் முழுக்க அவள் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஸருக்குப் பின் செருமல் வந்தது. கிழிந்த பாயை இழுப்பது போல, அவ்வளவு களைப்பாக. அவள் சல்லடைக்குப் பின்னால் நின்று கேட்டாள். அது போனதும் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள்: "நாமதான் அவுஹளை தினமும் இம்புட்டுத் தூரம் நடக்க வைக்கிறோம் போல இருக்கு காக்கா. இடிச்சிருங்க. அவுஹளை விட்டுருவோம்."

மறுநாள் காலை காசிம் கருப்பையா கொத்தனாரை அனுப்பினார். பக்கத்துக் கிராமத்துக்காரர், எங்கள் ஊர் வீடுகளில் வேலை செய்து பழகியவர், எங்கள் ஊர் மரியாதை தெரிந்தவர். சம்மட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடையில் வந்து, மடக்கில் நின்று, நல்ல கனத்த செருமலாகச் செருமினார்.

ஜொகராவும் உம்மாவும் சல்லடைக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். கொத்தனார் வரவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். அவர் மறுபடி செருமினார். அவர்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே ஒதுங்கினார்கள். அடுப்பில் உலை பொங்கி வழிகிற சத்தம் கேட்டும் உம்மா அசையவில்லை. மூன்றாவது செருமலுக்குப் பிறகு சம்மட்டியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

சற்று நேரத்தில் காசிம் வேர்த்து விறுவிறுத்து வந்தார். அவர் இந்த வீட்டு மகன், அவருக்குச் செருமல் வேண்டாம். "உம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே நேராக வந்துவிடுவார்.

"கொத்தனார் கடைக்கு வந்து கோவிச்சுக்கிறார். 'உங்க வீட்ல ஆளு இருக்கா இல்லையா பாய்? மூணு தரம் செருமிட்டேன், யாராச்சும் வாங்கன்னு சொன்னாத்தானே உள்ள வர முடியும்?'ங்கிறார். ஏன் ஜொகரா, ஒரு வார்த்தை வாங்கன்னு சொன்னா என்ன?"

"நாங்க எப்படிச் சொல்றது காக்கா?" என்றாள் ஜொகரா. "வாப்பாதானே சொல்லுவாஹ."

சொன்னவள் அப்படியே நின்றாள். கையிலிருந்த கரண்டியிலிருந்து கஞ்சி சொட்டியது. பின்கதவு வழியாக, சத்தம் கேட்டு வந்திருந்த ஆசியாவும் நின்றாள். உம்மா மெல்ல, தூணைப் பிடித்துக்கொண்டு, காலியாகக் கிடந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதலில் பேசியது ஆசியாதான்.

"உங்க வாப்பா கண்ணயர்ந்துட்டாஹன்னு ஒரு நாள் மகரிப் பாங்கு சொல்ற வரைக்கும் மடக்குலயே நின்ன மனுசன்ளா அவரு."

"அதுக்கு நாலு வருஷமா?" என்றார் காசிம்.

"சொல்லாம எப்படி வருவாஹ? மாமியார் வீடுல்ல" என்றாள் உம்மா.

கொத்தனாருக்கு இன்று வேலை இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று அஸருக்குப் பின்கதவுகள் திறந்தபடியே இருந்தன. பதினோரு வீட்டுப் பெண்களும் ஜொகராவின் முற்றத்தில் வந்து நின்றார்கள். காசிம் மாடிப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரல் கொடுப்பது அவராக இருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். "வேணாம்" என்றாள் உம்மா. "என் மகன் வேற வீட்டு மாப்புள. இது இவ வீடு."

பெண்ணின் குரல் மடக்கைத் தாண்டிப் போகக் கூடாது என்று யாரும் ஜொகராவுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. தாண்டிப் போனதில்லை, அவ்வளவுதான். அவள் பாடியதெல்லாம், சண்டை போட்டதெல்லாம், பிள்ளையில்லை என்று அழுததெல்லாம் இந்த முற்றத்துக்குள் சுற்றி, மேலே திறந்திருக்கிற வானத்தில் போய்ச் சேர்ந்தது. எங்கள் ஊரில் பெண்கள் தங்கள் கணவனை மாப்புள என்றுதான் சொல்வார்கள். மாமனார் மாமியாரும் அதே சொல்லால்தான் அழைப்பார்கள். ஒரே சொல் இரண்டு வாய்க்கும் பொருந்தும். அதை அவள் அன்று காலையிலிருந்து அடுப்படியில் உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்து முனையில் டீக்கடைக்காரர்கள் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினார்கள். பிறகு மடக்கில், மிக மெலிந்து, செருமல் வந்தது.

பழக்கத்தில் பத்துப் பெண்கள் சல்லடைப் பக்கம் நகர்ந்தார்கள். ஜொகரா நகரவில்லை.

"வாங்க மாப்புள" என்றாள். அது அவள் காதுக்கே எட்டவில்லை.

மடக்கில் அசைவில்லை. பிறகு அந்தப் பெருமூச்சு, வெளிவாசல் பக்கம் திரும்புகிற பெருமூச்சு, ஆரம்பித்தது.

"வாங்க மாப்புள" என்றாள் ஜொகரா மறுபடி. இந்தத் தரம் அந்தக் குரல் முற்றத்தைக் கடந்து, நடையில் புகுந்து, மடக்கில் அந்த வெள்ளைச் சுவரில் பட்டு, பார்வை எதுவும் திரும்ப முடியாத அந்த மூலையில் சிரமமில்லாமல் திரும்பி, வெளிக்கூடத்தைக் கடந்து, சந்தில் நிற்கிற பீரோவின் கண்ணாடியைச் சிலிர்க்கவைத்து, டீக்கடைப் பெஞ்சு வரை போயிற்று. கட்டியவர்கள் மடக்கைக் கண்ணுக்காகத்தான் கட்டியிருந்தார்கள். குரலுக்கு அங்கே அவர்கள் எந்தத் தடையும் வைக்கவில்லை; பெண் குரலை அங்கே போட்டுப் பார்க்கத்தான் இத்தனை காலம் யாரும் இல்லை.

பிறகு செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று.

மொகுதூம் மடக்கைத் திரும்பி வந்தார். தாடி நரைத்திருந்தது, கைலி வேறு யாருடையதோ, கணுக்காலில் எங்கள் கடற்கரையில் இல்லாத கருத்த மணல் ஒட்டியிருந்தது. இவ்வளவு பெண்களைக் கண்டதும் பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டார். பெண்கள் ஒவ்வொருவராகப் பின்கதவு வழியாக விலகினார்கள். ஆசியா மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள், தன் காது அங்கே மாட்டிக்கொண்டது என்று பிறகு சொன்னாள்.

அவர் பிரம்பு நாற்காலியைப் பார்த்தார். அதில் உம்மா இருந்தாள்.

"மாமா எங்க?" என்றார்.

உம்மா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்குப் புரிந்தது. இன்னா லில்லாஹி என்று மெல்லச் சொன்னார்.

"மாமா சத்தம் வரலியேன்னு நின்னேன்" என்றார் பிறகு. "வீட்ல ஏதோ வேலை போல, நாளைக்கு வருவோம்னு போயிருவேன்."

"எங்க போவீங்க?" என்றாள் ஜொகரா.

அவர் யோசித்தார். அது அவருக்கே சரியாகத் தெரியவில்லை போலிருந்தது. "தூரம்தான்" என்றார். பிறகு, தண்ணீர் கேட்க இரண்டு தரம் யோசிக்கிற அந்த மனிதர், ஒரு தரம்கூட யோசிக்காமல், "பசிக்குது ஜொகரா" என்றார்.

மறுநாள் காஜியார் வந்து ஸலாம் சொன்னார். மொகுதூம் பதில் சொன்னார். "நான் எதையும் எழுதாம விட்டதுதான் நான் எழுதுனதுலயே நல்லது" என்று சொல்லி, இரண்டு கிண்ணம் வட்டலப்பம் சாப்பிட்டார்.

மடக்கு அப்படியே இருக்கிறது. பீரோவும் சந்திலேயே இருக்கிறது. டீக்கடைக்காரர் அதில் ரொட்டி வைத்திருக்கிறார், ஆடுகள் பழகிவிட்டன. காசிம் தன் மனைவி வீட்டு மடக்கில் இப்போது கொஞ்சம் சத்தமாகவே செருமுகிறார் என்று கேள்வி. அஸருக்குப் பிறகு எங்கள் சந்தில் நடந்தால், பதினோரு வீட்டு மடக்குகளைத் தாண்டியும் பெண்களின் குரல் வெளியே வருகிறது, ஒருவரும் கண்ணில் படுவதில்லை: "வாங்க", "வாங்க காக்கா", "யாரது, வாங்க." கொழும்புக் கப்பல் வருகிற நாட்களில் ஆசியா, யாரும் செருமாதபோதே, ஒரு தரம் சொல்லிவைக்கிறாள்.